‘சோர்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் தமிழ் நோவும்

இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் அமைந்தது பட்டிப்பொல. கடல்மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேற்பட்ட அவ்விடத்தில், ஆண்டின் தொடக்க மாதங்களிலே சில விடியற்காலைகளில் புல்நுனியில் உறைபனி படிந்து கிடக்கும். அக்குளிரினூடே பாடசாலைக்கு நடந்து வரும் பிள்ளைகளுள் யாராவது ஒருவருக்குத் தொண்டை நோகாத நாள் அருமை. இவ்வாறு தாம் அடிக்கடி அனுபவிக்கும் ஒன்றையே ஆங்கிலப் பாடப்புத்தகம் ‘சோர் த்ரோட்’ என்று கூறும்போது, அது யாதென்று அப்பிள்ளைகளுக்கு விளங்குவதில்லை. அகராதியைப் புரட்டுகின்றனர். ‘சோர்’ என்ற சொல்லுக்கு நேரே ‘புண்’ என்று இருக்கிறது. உடனே ‘புண் தொண்டை’ என்று எழுதி முடித்துவிடுகின்றனர். சற்றுத் தமிழறிவு மிக்க பிள்ளையாயின் ‘தொண்டைப் புண்’ என்று திருத்தி எழுதும்.

இரண்டும் பொருந்தா. தொண்டை நொந்தவர் எல்லாருக்கும் தொண்டையிற் புண் இருப்பதில்லை. எச்சில் விழுங்கும்போது நோகின்றது என்பதே அத்தொடரின் கருத்து. பரீட்சைத் தாளில் இப்பிழைக்கு ஒரு புள்ளி குறையும், அவ்வளவே. ஆனால் அதே பிள்ளையைத் தாய் வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று, தான் தமிழிற் சொன்னதை இன்னொருவர் ஆங்கிலத்திற் குறித்துக்கொள்ளும்போது நோவைக் குறிக்கும் சொல் பிசகுமாயின், அங்கே குறைவது புள்ளியன்று. ஆதலின், இச்சிறு சொல்லைச் சற்று நின்று ஆராய்வது வீண்வேலை ஆகாது.

எஸ், ஓ, ஆர், ஈ என்னும் நான்கு எழுத்துகளால் ஆயது இச்சொல். இங்கிலாந்தின் தென்பகுதியார் இறுதி ரகரத்தை ஒலியாது ‘சோ’ என நிறுத்திவிடுவர். ஸ்கொத்லாந்தாரும் அமெரிக்கருட் பெரும்பாலாரும் ரகரத்தைத் தெளிவாகவே ஒலிப்பர். உயரப் பறத்தலைக் குறிக்கும் வேறொரு சொல்லும் இதே ஒலியுடையது. அதன் எழுத்துகள் எஸ், ஓ, ஏ, ஆர் என்பன. தமிழிலும் ‘சோர்’ என்றொரு வினையடி உண்டு. தளர்தல் என்பது அதன் பொருள். உடல் நொந்தவன் சோர்ந்து போவதும் இயல்பே. ஆயினும் இவ்வொலி ஒற்றுமையைக் கண்டு, ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து சென்றது என்று மேடையேறிக் கூறிவிடலாகாது. அதன் பிறப்பு வேறு. அது பின்னர்க் கூறப்படும்.

ஆங்கிலேயர் ‘சோர்’ என்று எதனைக் கூறுவர்? தொட்டால், அழுத்தினால், அசைத்தால், தொழிற்படுத்தினால் நோகும் உறுப்பையே முதன்மையாக அவ்வாறு கூறுவர். விழுங்க நோகும் தொண்டை, நெடுவழி நடந்தபின் நிலத்தில் ஊன்ற நோகும் பாதம், புகைபட்டுச் சிவந்து இமைக்க நோகும் கண், பழக்கமில்லாத வேலை செய்த மறுநாள் உயர்த்த நோகும் தோள் ஆகிய அனைத்தும் ‘சோர்’. சும்மா இருக்கையிற் பெரும்பாலும் அடங்கியிருந்து, தீண்டினால் தலைகாட்டும் நோவு அது. இடைவிடாமல் உள்ளேயிருந்து வரும் நோவுக்கு ‘ஏக்’ என்னும் சொல் உண்டு. தலைவலி, பல்வலி, வயிற்றுவலி என்னும் மூன்றும் ஆங்கிலத்தில் ‘ஏக்’ என்றே முடிவதைக் காணலாம். ‘பெயின்’ என்பது எல்லாவற்றுக்கும் பொதுவான சொல். தண்டனை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. நோவு என்பது யாரோ விதித்த தண்டம் என்ற பழைய எண்ணம் அதனுள் உறங்கிக் கிடக்கிறது.

கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியின் கையையும் தோளையும் எண்ணிப் பார்த்தால் இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். நாள் முழுவதும் கொழுந்து கிள்ளிய விரல்நுனி கன்றியிருக்கிறது. இரவில் அதனை மறந்து உறங்குகிறாள். மறுநாட் காலை முதற் கொழுந்தைக் கிள்ளும்போது அது சுரீர் என்கிறது. அவ்விரல் ‘சோர்’. தலையிற் கயிறு மாட்டிக் கூடை சுமந்த கழுத்தோ, படுத்த பின்னும் விடாமல் உளைகிறது. அது ‘ஏக்’. கவ்வாத்துக் கத்தி பட்டு ஒருவனது கை அறுந்தால் அவ்வெட்டுக் காயத்தை இரண்டினாலும் குறிப்பதில்லை. அதற்கு வேறு சொற்கள் உள. அக்காயம் ஆறாது சீழ்கட்டி நிற்குமாயின், அப்போதுதான் அது பெயர்ச்சொல்லாகிய ‘சோர்’ ஆகிறது. அகராதி கூறும் ‘புண்’ என்ற பொருள் இப்பெயர்ச்சொல்லுக்கே உரியது. நெடுநாள் படுக்கையிற் கிடந்தவருக்கு முதுகிலும் இடுப்பிலும் உண்டாகும் படுக்கைப்புண் ‘பெட் சோர்’ எனப்படும். ‘கோல்ட் சோர்’ என்பதைக் குளிரினால் வந்த புண் என்று பட்டிப்பொலப் பிள்ளைகள் கொள்ளுதல் கூடும். அவர்கள்மீது குற்றமில்லை. ஆனால் அது உதட்டோரத்தில் எழும் கொப்புளம்; ஒருவகை வைரசினால் உண்டாவது; தடிமனும் காய்ச்சலும் வரும் வேளையில் தலைகாட்டுவதால் அப்பெயர் பெற்றது.

மேலே கூறியவற்றைத் தமிழிற் சொல்லும்போதே கன்றுதல், உளைதல், சுரீர் என்னுதல் ஆகிய சொற்கள் தாமாகவே வந்து விழுந்தன. தமிழர் நோவுக்குச் சொல்லின்றித் தவித்தவர் அல்லர். குத்தல், குடைச்சல், கடுப்பு, காந்தல், எரிச்சல், உறுத்தல், பிடிப்பு, இழுப்பு, உளைவு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். காதுக்குக் குடைச்சல்; விலாவுக்குக் குத்தல்; நெஞ்சுக்கு எரிச்சல்; சீழ்கொண்ட விரலுக்கு ‘விண்விண்’ என்ற தெறிப்பு. ‘கால் கடுக்க நின்றான்’ என்றால் போதும். எவ்வளவு நேரம் நின்றான் என்று கேட்க வேண்டுவதில்லை. இவ்வளவு வளம் இருந்தும், ஆங்கிலத்தில் எழுதப் புகுந்தவுடன் எல்லாம் ‘பெயின்’ என்ற ஒரே பெட்டிக்குள் அடைபட்டுவிடுகின்றன.

அதற்கு இலக்கணமும் ஒரு காரணம். தமிழிலே நோவு பெரும்பாலும் வினையாக நிற்கும். ‘எனக்குக் கால் வலிக்கிறது’ என்னும் வாக்கியத்தில் எழுவாய் கால். வலித்தல் அக்கால் செய்யும் தொழில். வலியைப் பெறும் மனிதன் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறான். ஆங்கிலத்திலோ நோவு உறுப்பின் பண்பாக வரும். அல்லது மனிதனின் உடைமையாக வரும். ‘மை லெக் இஸ் சோர்’ என்பது முன்னது. ‘ஐ ஹாவ் எ சோர் லெக்’ என்பது பின்னது. தமிழ் வாக்கியத்தின் எலும்புக்கூட்டை அப்படியே ஆங்கிலத்தில் நிறுத்த முயல்வோர் ‘மை லெக் இஸ் பெயினிங்’ என்கின்றனர். இந்தியாவிலும் இலங்கையிலும் படித்தவர் பலரும் கூறும் வாக்கியம் இது. கேட்பவருக்குக் கருத்தும் விளங்கிவிடும். எனினும் இங்கிலாந்திலே அவ்வாறு கூறுவாரைக் காண்பது அரிது. வினையாகவே சொல்ல விரும்பின் ‘ஹேர்ட்ஸ்’ அல்லது ‘ஏக்ஸ்’ என்ற வினையும், பண்பாகச் சொல்லின் ‘சோர்’ என்ற பெயரடையும் இருக்கின்றன. ‘பெயினிங்’ என்று திருகவேண்டிய தேவையே இல்லை.

உடலை விட்டு உள்ளத்துக்குச் செல்லும்போதுதான் இச்சொல் சுவைமிக்கதாகிறது. ஒருவரிடம் எடுத்துப் பேசினால் அவருக்கு மனம் நோகும் விடயத்தை ‘சோர் பாயிண்ட்’ என்பர். தொட்டால் நோகும் இடம் என்ற உடற்பொருள் இங்கே மாறாமல் இருப்பதைக் கவனிக்க வேண்டும். அவர் எப்போதும் அதனை எண்ணித் துயருறுகிறார் என்பதன்று, பிறர் தொட்டால் நோகும் என்பதே கருத்து. அமெரிக்காவில் ஒருவர் மற்றொருவர்மீது ‘சோர்’ ஆக இருக்கிறார் என்றால், அவர்மேல் மனத்தாங்கலும் சினமும் கொண்டிருக்கிறார் என்று பொருள். தோல்வியைப் பெருந்தன்மையுடன் ஏற்காது முகஞ்சுளிப்பவனை ‘சோர் லூசர்’ என்பர். பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில் இவ்வகையினரைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. கட்டுப்போட்ட பெருவிரல் பிற விரல்களோடு ஒட்டாது தனியே நீண்டு நிற்பதுபோல, ஓரிடத்திற் பொருந்தாது துருத்தி நிற்பதை ‘சோர் தம்’ போன்றது என்பர். காட்சிக்கு ஒவ்வாத கட்டடத்தை ‘ஐசோர்’ என்பர். தமிழரும் ‘கண்ணை உறுத்துகிறது’ என்றே சொல்வர்.

கண்ணைப் பற்றிய இன்னொரு தொடரும் இங்கு நினைக்கத்தக்கது. நெடுநாட் காணாத நண்பர் வந்தால், ‘சோர் ஐஸ்’ உடையவருக்கு ஏற்ற காட்சி என்று ஆங்கிலேயர் மகிழ்ந்து கூறுவர். நொந்த கண்ணுக்கு அக்காட்சி மருந்தாகிறது. தமிழர் அதே மகிழ்ச்சியைக் ‘கண் குளிரக் கண்டேன்’ என்பர். வெயிலாற் காய்ந்த சமவெளியிற் பிறந்த வழக்கு அது. அங்கே குளிர்ச்சியைவிடப் பெரிய இன்பம் இல்லை. அச்சமவெளியிலிருந்து பெயர்ந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் உறைபனி படியும் பட்டிப்பொலவிலே, கம்பளியை இறுகப் போர்த்திக்கொண்டும் ‘கண் குளிர’ என்றே இன்றும் கூறுகின்றனர். மனிதர் மலையேறினர்; சொல் தன் பழைய வெப்பநாட்டை விட்டு வரவில்லை.

இனி இச்சொல்லின் பிறப்பு. பழைய ஆங்கிலத்தில் இது ‘சார்’ என்ற வடிவில் இருந்தது; நோவு, புண், துயர் ஆகிய மூன்றையும் குறித்தது. இதன் உறவுச் சொற்கள் வடஐரோப்பிய மொழிகள் பலவற்றில் உள. சுவீடன், நோர்வே நாட்டு மொழிகளில் இதே வேர் ‘புண்’ என்ற பொருளில் நின்றுவிட்டது. சேர்மன் மொழியிலோ ‘சேர்’ என்னும் வடிவம் நோவு என்ற பொருளை அடியோடு இழந்து, ‘மிக’ என்று மட்டும் பொருள்படுகிறது. அந்நாட்டார் நன்றி கூறும்போதும், மிக நன்று என்று பாராட்டும்போதும் தம்மை அறியாமல் ஒரு பழைய நோவை உச்சரிக்கின்றனர். 1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தரின் மொழியில் ‘சேர்’ என்ற அதே சொல் இரண்டு பொருளையும் விடாது வைத்திருக்கிறது. ‘மிக’ என்பதற்கும் அதுவே, நோகிறது என்பதற்கும் அதுவே. ஆங்கிலமும் இவ்வழியில் ஒரு காலத்தில் நடந்தது. 1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பிலே, மிகவும் அஞ்சினர் என்னும் இடத்தில் ‘மிகவும்’ என்ற பொருளில் ‘சோர்’ வரும். அப்பழைய வழக்கின் எச்சமே ‘சோர்லி’ என்னும் வினையடை. ஒன்று பெரிதும் தேவைப்படுகிறது என்பதற்கு இக்காலத்தும் அது வழங்குகிறது.

நோவு எவ்வாறு மிகுதியாயிற்று என்று வியப்பதற்கில்லை. நோகுமளவு என்பது மிக அதிக அளவே அன்றோ. தமிழ்ப் பேச்சிலும் இத்தகைய மாற்றங்கள் நிகழ்கின்றன. இலங்கைத் தமிழில் ‘சரியான குளிர்’ என்றால் மிகுந்த குளிர். அங்கே சரி பிழை என்ற ஆராய்ச்சி இல்லை. இளைஞர் சிலர் ‘பயங்கரமாக நன்றாயிருக்கிறது’ என்று கூறுவது காதுக்கு இனிமையாக இல்லாவிடினும், சேர்மானியர் செய்ததையே அவர்களும் செய்கின்றனர்.

தமிழ் ‘வலி’ இதற்கு எதிர்வழியாகச் சென்ற சொல். பழந்தமிழில் வலி என்பது வலிமை. திருக்குறளிலே ‘வலியறிதல்’ என்ற அதிகாரம் நோயாளருக்கு உரியதன்று. அரசன் தன் வலிமையையும் பகைவன் வலிமையையும் அறிதலைப் பற்றியது. வலித்தல் என்பதற்கு இழுத்தல் என்ற பொருளும் உண்டு. துடுப்பு வலித்தல் என்பது அதனால் ஆயது. அச்சொல் இன்று தலைவலியாகவும் முதுகுவலியாகவும் வழங்குகிறது. அங்கே நோவைக் குறித்த சொல் மிகுதியைக் குறிக்கலாயிற்று. இங்கே வலிமையைக் குறித்த சொல் நோவைக் குறிக்கலாயிற்று.

‘சாரி’ என்று ஆங்கிலத்தில் வருத்தம் தெரிவிக்கின்றனரே, அதுவும் ‘சோர்’ குடும்பத்தைச் சேர்ந்ததே. துயரைக் குறிக்கும் ‘சாரோ’ என்ற சொல்லிலிருந்து அது பிறந்தது எனப் பலர் எண்ணுவர். வடிவம் அவ்வாறு மயக்கினும், வேர்கள் வேறு. ‘சாரி’ என்பதன் முதற்பொருள் உள்ளம் நொந்தவன் என்பதாகும். பேருந்தில் காலை மிதித்துவிட்டு முகத்தையும் பாராது ‘சாரி’ என்று வீசிச் செல்வோர், நொந்தது தம் உள்ளமா மற்றவர் காலா என்று எண்ணுவதில்லை.

‘நொந்த’ என்ற சொல் வந்துவிட்டது. அகராதியிற் பிள்ளைகள் தேடிக் காணாத சொல் இதுவே. ‘நோ’ என்பது ஓரெழுத்தொருமொழி. அதிலிருந்து நோதல், நோவு, நோய், நொந்த, நோக்காடு எனப் பல சொற்கள் கிளைத்துள்ளன. யாழ்ப்பாணத்தார் இன்றும் ‘தொண்டை நோ’, ‘நாரி நோ’ என்று முதலெழுத்தையே தனித்து வழங்குவர்; மலைநாட்டார் ‘நோவுது’ என்பர், ‘வலிக்குது’ என்றும் சொல்வர். இச்சொற்குடும்பம் ‘சோர்’ சென்ற பாதையிலெல்லாம் பெரும்பாலும் சென்றிருக்கிறது. ‘சோர் ஃபீட்’ என்பது நொந்த கால். ‘சோர் ஹார்ட்’ என்பது நொந்த மனம். ஒருவர்மீது ‘சோர்’ ஆதல் என்ற அமெரிக்க வழக்குக்கு, ‘அவனை நொந்துகொள்வதிற் பயனில்லை’ என்னும்போது வரும் நொந்துகொள்ளுதல் எவ்வளவு அணித்தாக இருக்கிறது! உடல் நோவும், உள நோவும், பிறர்மீது கொள்ளும் மனத்தாங்கலும் ஒரே வேரில் நிற்பதை இரு மொழிகளும் தனித்தனியே கண்டிருக்கின்றன. வேறுபாடும் இல்லாமலில்லை. நோ என்பது நோயாகவும் விரிந்தது. பழைய இலக்கியத்திற் காதலால் வரும் துன்பத்தையும் நோய் என்றனர். பிரசவ வேதனையை நோவு, நோக்காடு என்பர். ஆங்கிலத்தில் அதனை ஒருபோதும் ‘சோர்’ என்னார். ஆகவே நோ என்பதும் முற்றிலும் ஒத்த சொல்லன்று. ஆனால் ‘புண்’ணைக் காட்டிலும் அது பன்மடங்கு நெருங்கியது.

ஆங்கிலேயர் என்று பொதுவாகச் சொன்னாலும் இலங்கை மலைநாட்டுக்கு வந்த துரைமாருட் பலர் ஸ்கொத்லாந்தார். 1867இல் லூல்கந்துர தோட்டத்திலே தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லர் அந்நாட்டவரே. பால்மோரல், கிளாஸ்கோ, எடின்பரோ என்று மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வைத்த பெயர்களிலே அவர்களது ஊர் இன்றும் இருக்கிறது. ஸ்கொத்லாந்திலே ‘சோர் ஹெட்’ என்றால் சாதாரணத் தலைவலி. இங்கிலாந்தாருக்கோ அது தலையில் அடிபட்டுத் தொட நோகும் நிலை. அல்லது, தலை நொந்த கரடி என்ற மரபுத்தொடரில் வருவதுபோல, எரிந்து விழும் மனநிலை. ஒரு மொழியைப் பேசுவோருள்ளேயே நோவுச் சொல் இவ்வாறு இடம்மாறும்போது, மொழிவிட்டு மொழி செல்லுங்கால் என்னவாகும் என்பதைக் கூறவேண்டா.

அக்காலத் துரைமார் தமிழ் கற்பதற்கென்று சில கையேடுகள் வெளிவந்தன. அவற்றுள் ஒன்றின் பெயர் ‘இங்கே வா’. சின்னத்துரையின் சட்டைப்பைக்குள் அடங்கும் அப்புத்தகத்தின் தலைப்பே ஓர் ஏவல். மேலிருந்து கீழே செல்லவேண்டிய சொற்களுக்கு இவ்வாறு வழி அமைந்தது. கீழிருந்து மேலே செல்லவேண்டிய சொற்களுள் நோவைப் பற்றியவை முதன்மையானவை. காலைப் பெரட்டிலே ‘உடம்புக்கு முடியவில்லை’ என்று தொழிலாளி சொன்னதைக் கங்காணி கேட்டு, கணக்கப்பிள்ளைக்குச் சொல்லி, அது துரையின் காதை அடையும்போது எந்த நோவு எந்த வடிவிற் சென்றதென்று யார் அறிவார்? தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென 1872இலும் 1912இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. மருந்துக்கு அவை வழி செய்தன, மொழிக்குச் செய்யவில்லை.

வடபுலத்தில் நடந்தது வேறு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயிலிருந்து கொண்டு தாமே தமிழ் கற்றார். பின்னர் 1860களில், மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே மாணாக்கருக்குப் போதிக்கத் தொடங்கினார். ‘அங்காதிபாதம்’, ‘இரண வைத்தியம்’ முதலிய நூல்கள் அவரது முயற்சியால் தமிழில் வெளிவந்தன. அறுவை மருத்துவத்துக்கு ‘இரண வைத்தியம்’ என்று பெயர் வைத்தது கவனத்துக்குரியது. இரணம் என்பது புண். வைத்தியனும் பிணியாளனும் ஒரே மொழியிற் பேசவேண்டும் என்பது கிறீனின் துணிவு. மலைநாட்டில் அவ்வாறு ஒருவர் தோன்றவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

இக்காலத்தும் நுவரெலியாவிலோ பதுளையிலோ ஒரு பெரிய வைத்தியசாலையில் நிகழ்வது இதுதான்: பிணியாளர் பேசுவது தமிழ், தாதியும் வைத்தியரும் சிங்களம் பேசுவோராக இருத்தல் கூடும், எழுதப்படுவது ஆங்கிலம். சிங்களத்திலும் நோகிறது என்பதற்கு ‘ரிதெனவா’ என்றும், தலைவலி பல்வலிகளுக்குக் ‘கெக்கும’ என்றும் தனித்தனிச் சொற்கள் உண்டு. மூன்று மொழியிலும் வேறுபாடு இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுமிடத்திலேதான் அது விழுந்துவிடுகிறது.

விழுந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். தொண்டை நோவையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான தொண்டை நோவுகள் வைரசினால் வருவன. சில நாளில் தாமே தணிவன. ஆனால் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்னும் கிருமியின் ஒருவகையால் வரும் தொண்டை நோவு அத்தகையதன்று. ஐந்து முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளிடத்தில், தொண்டை தேறி இரண்டு மூன்று வாரங்கள் கழிந்தபின், வாதக் காய்ச்சல் என்னும் பிணியை அது கொண்டுவருதல் கூடும். மக்கள் நெருங்கி உறங்கும் இடங்களில் இக்கிருமி எளிதிற் பரவும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் படுத்துறங்கும் வாழ்வை அறிந்தோருக்கு இதனை விளக்கவேண்டா. வாதக் காய்ச்சல் முதலில் மூட்டுகளைப் பற்றும். முழங்கால் வீங்கி நோகும், அது தணியுமுன்னரே கணுக்கால், பின்னர் மணிக்கட்டு. மூட்டு நோவு பெரும்பாலும் தழும்பின்றி நீங்கிவிடும். இதயத்தின் வால்வுகளிலோ அது நிலைத்த கேட்டை விட்டுச் செல்லுதல் கூடும். தொண்டை நோவு தொடங்கிய ஒன்பது நாட்களுக்குள் பெனிசிலின் கொடுத்தால் இதனைத் தடுக்கலாம். ஒருமுறை வாதக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மீண்டும் வராதிருக்கும்பொருட்டு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை அம்மருந்தை ஊசி வழியே பல்லாண்டு கொடுப்பர்.

இப்பிணியில் மூட்டின் நோவு எத்தகையது? தொட்டால் அலறும் நோவு. சில பிள்ளைகள் போர்வை மேலே படுவதையும் பொறுக்கமாட்டா. இது ‘சோர்’ என்பதன் நேர்ப்பொருள். வைத்தியர் தம் விரலால் அழுத்திப் பார்த்து நோவைக் கண்டால் அதனை ‘டெண்டர்’ என்று குறிப்பர். பிணியாளர் தாமே உணர்ந்து சொல்லும்போது அது ‘சோர்’. வளரும் பிள்ளைகள் பலர் பகலெல்லாம் ஓடியாடிவிட்டு இரவிலே கால் உளைகிறது என்று அழுவதுண்டு. தாய் சற்றுப் பிடித்துவிட்டால் உறங்கிவிடுவர். அந்த உளைவு ‘ஏக்’. கையாற் பிடித்துவிட இடங்கொடுப்பது. வாதக் காய்ச்சலின் மூட்டு, தொடவும் இடங்கொடாதது. இரண்டையும் ‘கால்வலி’ என்று ஒன்றாக்கி, அதனை மேலும் சுருக்கிப் பதிவேட்டில் ‘லெக் பெயின்’ என எழுதிவிட்டால், நலமுள்ள பிள்ளையும் இதயம் கெடப்போகும் பிள்ளையும் ஒரே வரியில் நின்றுவிடுவர்.

கனடாவின் மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக் என்னும் உளவியலாளர், 1975இல் நோவை அளப்பதற்கென ஒரு வினாத்தாளை வெளியிட்டார். நோவைக் குறிக்கும் 78 ஆங்கிலச் சொற்களை 20 கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துள்ளும் கடுமை ஏறும் முறையில் அவற்றை வரிசைப்படுத்தினார். ‘சோர்’ ஒன்பதாம் கூட்டத்தில் இரண்டாவதாக இருக்கிறது. மந்தமான நோவுக்கு அடுத்த படி. வெறுமனே எவ்வளவு நோகிறது என்று கேளாது, எப்படி நோகிறது என்று கேட்டதே அவ்வறிஞரின் சிறப்பு. பிற்காலத்தில் அதனை வேறு மொழிகளில் அமைக்க முயன்றோருட் சிலர், சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பதை விடுத்து, அவ்வம்மொழி மக்கள் உண்மையில் வழங்கும் சொற்களைத் திரட்டியே பட்டியல் செய்தனர். ஆங்கிலத்தின் ஒன்பதாம் கூட்டத்துக்கு ஈடாகத் தமிழில் ஒன்பதாம் கூட்டம் இருக்கவேண்டும் என்ற விதி ஏதும் இல்லை. கன்றல், உளைவு, கடுப்பு, நோ என்பவை தமக்கென்று வேறொரு வரிசையை அமைத்துக்கொள்ளும்.

ஆதலின் மொழிபெயர்த்து உதவ நிற்பவர், ஆசிரியராயினும், தோட்டத்து டிஸ்பென்சரியிற் பணிபுரிபவராயினும், இரு மொழியும் கற்ற அண்டை வீட்டுப் பிள்ளையாயினும், தக்க ஆங்கிலச் சொல் எது என்று தேடுமுன் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். தொட்டால் நோகிறதா, சும்மா இருந்தாலும் நோகிறதா? அமுக்கிவிட்டால் சுகமா, தொடவே முடியாதா? அசைக்கும்போது கூடுகிறதா? ஓரிடத்தில் நிற்கிறதா, இடம் மாறுகிறதா? எப்போது தொடங்கியது, அதற்கு முன் தொண்டை நொந்ததுண்டா? இவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால், ‘சோர்’ என்ற சொல் நினைவுக்கு வராவிட்டாலும் கெடுதியில்லை; ‘தொட நோகிறது’ என்பதை எளிய ஆங்கிலத்தில் நான்கு சொல்லிற் கூறிவிடலாம்.

பிணியாளரோ இவ்விடைகளைக் கேளாமலே சொல்லிவிடுவதும் உண்டு. ‘ஐயா, நேத்து முழங்காலு நோவுதுன்னு அழுதான், இன்னைக்கு அது பரவாயில்ல, மணிக்கட்டைத் தொட விடமாட்டேங்கிறான், போன மாசம் தொண்டை வேற நோவுதுன்னான்’ என்று ஒரு தாய் கூறினால், வைத்தியர் அறியவேண்டிய மூன்று செய்திகளும் அதில் அடங்கிவிட்டன: நோவு தொடப் பொறாதது, இடம் மாறுவது, தொண்டை நோவுக்குப் பின் வந்தது. அவள் சொன்ன மூன்றில் ஒன்றேனும் குறையாமல் அது பதிவேட்டில் ஏறவேண்டும்.